பதினொரு மணிச் சங்கு

கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, வானொலி மணி சொல்லும்வரை காத்திருந்து முள்ளைத் திருகுகிறார் தங்கச்சாமி அம்பலம். பள்ளத்தூர்ப் பக்கம் அவருடைய அரிசி ஆலைச் சங்குதான் ஊருக்கே நேரம். "ரேடியோக்காரன் தப்பினாலும் தப்புவான், நம்ம சங்கு தப்பாதப்பா."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். மாட்டுவண்டியில் நெல் ஏற்றிக் கைப்பாடுபட்டு, இன்று இரண்டு ஆலைக்கு முதலாளி. இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியதால் ஆலையை ஒட்டிய வீட்டிலும் அதே குரல்தான். மனைவி ஆயி சொல்வாள்: "பெல்ட்டு அறுந்தா மில்லு நிக்கும். இவுக வாய்க்கு ஏது பெல்ட்டு?"

ஆனால் ஜனவரி முப்பது, காந்தி மறைந்த நாள், காலை பதினொன்றுக்குச் சங்கு ஊதினால் ஆலை நிற்கும். அடுத்த சங்கு ஊதும்வரை இரண்டு நிமிடம் அவரும் கல்தூணாக நிற்பார். அதிலும் பெருமைதான். "மாலை யாரு வேணாலும் போடலாம். நான் பேச்சையில்ல நிறுத்துறேன்! எவனுக்கு வரும்?"

இந்த ஆண்டு அதே நாளில்தான் அவர் மகள் முத்தழகைத் தம் மகனுக்குப் பெண் கேட்டு, கீழச்சிவல்பட்டி செம்மலை தாம்பூலத் தட்டோடு வந்தார். இரண்டு ஆண்டாகத் தட்டித் தட்டிப் போய், இப்போதுதான் கனிந்து வந்த இடம். ஒன்பதுக்கு வர வேண்டியவர்கள், பஸ் பழுதாகிப் பத்தரைக்கு வந்து சேர்ந்தார்கள். சங்கு விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். அம்பலம் மாட்டுவண்டியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். முதல் ஆலை வாங்கிய கட்டத்துக்கு வருவதற்குள் மணி பதினொன்று.

செம்மலை சிரித்துக்கொண்டே எழுந்து தட்டை நீட்டினார். "கதை கெடக்கட்டும் அம்பலம். பொண்ணைத் தாரீகளா?"

சங்கு ஊதியது.

அம்பலம் எழுந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு கண்ணைத் தாழ்த்தினார். தட்டு அந்தரத்தில் நின்றது. நீட்டிய தட்டை வாங்காமல் நிற்பது, பெண் இல்லை போ என்று முகத்தில் அறைவதற்குச் சமம்.

"இம்புட்டு நேரம் பேசுன வாய்க்கு இப்ப என்ன வந்துச்சு?" என்றாள் செம்மலையின் அக்காள் சோலையம்மாள். "வாடா தம்பி. கூப்புட்டு வச்சுக் கேலி பண்றாக."

செம்மலையின் முகம் கறுத்தது. வாசலைப் பார்த்து நடந்தார். அம்பலத்தின் நெற்றியில் வேர்வை இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. ஆயி ஓடிப்போய் இரு கையையும் விரித்து மறித்தாள். அவளும் வாய் திறக்காமல் ஆலைக் களத்தைக் காட்டினாள். அங்கே சுமை தூக்கும் மருது, மூட்டை தோளை அழுத்த, வைத்த காலை வைத்தபடி நின்றான். நெல் துழாவும் பெண்கள் குனிந்த முதுகு நிமிரவில்லை. செம்மலை திரும்பிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தாளில் முப்பது.

அக்காளின் கையைப் பிடித்து நிறுத்தினார். தட்டோடு தாமும் நின்றார்.

இரண்டாம் சங்கு ஊதியது. பெல்ட் ஓடத் தொடங்கியது. இனிப் பிடிக்க முடியாது என்று எல்லோரும் அம்பலத்தின் வாயையே பார்த்தார்கள்.

"தந்தேன்" என்றார். அவ்வளவுதான். தட்டை இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.