பஸ்ஸர் மேல் ஒட்டிய டேப்

“குடிப்பாரா?”

என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்ததிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே என் வாய் வலித்துவிட்டது. குடிக்க மாட்டார். பீடி, சிகரெட்? கிடையாது. பாக்கு? கல்யாண வீட்டில் கொடுக்கிற தாம்பூலத்தைக்கூட என் மடியில் தள்ளிவிடுகிற மனுஷன். இதைச் சொன்னதும் கேட்டவர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும் பாருங்கள், அதைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் ஏதாவது தப்பு செய்திருந்தால் இவர்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்திருக்கும் போல.

கும்மிடிப்பூண்டியில் பெயிண்ட் கலக்குகிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் போவார். பெயிண்டை இளக்குகிற தின்னர் ஊற்றிக் கலக்கும் ஷெட். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னாலேயே அந்த வாடை வீட்டுக்குள் வந்துவிடும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. போன வருஷம் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, பல் தேய்த்தால் ரத்தம் வந்தது, லேசாக இடித்த இடமெல்லாம் நீலம் பாரித்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துச் சோதித்தார்கள். ரத்தம் ஊறுகிற இடமே கெட்டுப்போயிருக்கிறது, இதுவும் ரத்தப் புற்றுநோய் வகைதான் என்றார்கள்.

செய்தி கேட்டு வந்த நாத்தனார் உட்காரக்கூட இல்லை. “எங்க பரம்பரையில யாருக்கும் இது கெடையாது. நீதான் வாரம் தவறாம கருவாடு வறுத்துப் போட்டே.” கருவாடாம்! அதே கருவாட்டைத் தூக்குச் சட்டியில் கேட்டு வாங்கிப் போனவள் பேசுகிற பேச்சு இது. பக்கத்து வீட்டுக்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள். “ஜீன்ல இருந்தா பொண்ணுக்கும் வருமாமே? எதுக்கும் பாத்துக்கோ.”

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே பெண். கெமிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். பிறக்கும்போதே அவள் ரத்தத்தில் இது உட்கார்ந்திருக்கிறதோ என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். பாவம், வெளியே அவ்வளவு கூட்டம் நின்றும் அவர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“பயப்படாதீங்கம்மா. பரம்பரையா வர்ற கோளாறு எதுவும் டெஸ்ட்ல இல்ல. நம்ம செல்லுக்குள்ள காவல் காக்குற ஜீன் சிலது இருக்கு. செல் கண்டபடி பெருக ஆரம்பிச்சா ‘நிறுத்து’ன்னு குரல் கொடுக்கும். இவருக்கு அந்த ஜீன்ல எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா மெத்தில்னு ஒரு சின்னத் துணுக்கு, அது மேல போய் நெறைய ஒட்டிக்கிச்சு. ஜீன் உடையல. அதோட வாயை அடைச்சிடுச்சு, அவ்வளவுதான். செல்லு தட்டிக் கேக்க ஆளில்லாம கெட்டுப்போச்சு.”

நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். “டேப்பு ஒட்டிட்டாங்கன்னு சொல்லுங்க.”

“என்ன டேப்பு?”

“எங்க ஷெட்டுல ஒரு பஸ்ஸர் கீது டாக்டர். தின்னர் ஆவி அளவுக்கு மேல போனா கத்தும். மத்தியானம் ஆனா ஓயாம கத்திக்கினே இருக்கும். கத்துனா மிஷின நிறுத்திட்டு எல்லாரும் வெளிய போவணும். வேல கெட்டுப்பூடும் இல்ல? அதான் சத்தம் வர்ற ஓட்ட மேல கருப்பு டேப்ப ஒட்டிட சொல்லுவாங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தா உரிச்சிடுவோம். அவுங்க அமுக்கிப் பாப்பாங்க, நல்லா கத்தும். ஓகேன்னு எழுதிக்கினு போவாங்க. அவுங்க கார் கேட்ட தாண்டுனதும் திரும்ப ஒட்டிடுவோம்.”

மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று சொல்வதுபோல் சொல்லி முடித்தார். இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கு இது தெரியாது. டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “கிட்டத்தட்ட அதேதான்” என்றார்.

“அப்ப அந்தத் தின்னர்தானே இவருக்குள்ளயும் டேப்ப ஒட்டுச்சு?” என்று கேட்டேன்.

“அதுல பென்சீன் மாதிரி ஏதாவது இருந்தா மஜ்ஜையக் கெடுக்கும். இந்த மாதிரி ஒட்டவும் வெக்கலாம். ஆனா இவரு ஒருத்தருக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா.”

டாக்டரம்மா நேர்மையானவர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் கருவாட்டை அடித்துச் சொல்லலாம், குடியை அடித்துச் சொல்லலாம், பிறந்த வம்சத்தை இழுத்து வைத்து அடித்துச் சொல்லலாம். கம்பெனி என்று வரும்போது மட்டும் ஊரில் ஒருத்தருக்கும் நாக்கு புரளாதா? என்ன நியாயம் இது?

ஒட்டியதை உரிக்கிற மருந்தை வயிற்றில் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். மாதாமாதம் ஒரு வாரம். நிறுத்தினால் திரும்ப ஒட்டிக்கொள்ளுமாம். அதைக் கேட்டு அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்தார்.

“உன் பொண்ணுக்கு வேல கேட்டு வெச்சிக்கீறேன் தங்கச்சி. அதே ஷெட்டுல, குவாலிட்டி பாக்குற வேல. மேனேஜருகிட்ட நானே பேசிட்டேன்.”

என் வீட்டுக்காரர் முகத்தில் எத்தனையோ மாதம் கழித்து ஒரு வெளிச்சம். “கிட்டத்துலயே வேல மே. படிப்புக்கும் ஏத்தது.” பெண் என்னைப் பார்த்தாள்.

“அந்த பஸ்ஸர் இப்ப கத்துதா சார்?” என்றேன்.

“அதெல்லாம் பக்கா கண்டிஷன்ல கீது.”

“டேப்பு?”

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “அத்த ஒட்டுனதே உன் ஊட்டுக்காரருதான். நீயே கேட்டுப் பாரேன்.”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நோயையும் கொடுத்துவிட்டுப் பழியையும் அவர் மடியிலேயே கட்டுகிறார்களே!

“கை இவருது சார். ஒட்டச் சொன்ன வாய் யாருது?”

“இன்னா தங்கச்சி, ஒதவி பண்ண வந்தா பேஜாரு பண்றே?”

ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே திணித்தேன். “எம்பொண்ணு டேப்பு இல்லாம பொறந்தவ. டாக்டரே சொல்லிட்டாங்க. ஒட்டிக்கினு வர்றதுக்கு உங்ககிட்ட அனுப்ப மாட்டேன்.”

“எனக்கு அந்த வேல வேணாம் நைனா” என்றாள் பெண், அப்பாவைப் பார்த்து.

சூப்பர்வைசர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். வீடு தேடி வந்தவரை இப்படிப் பேசிவிட்டாயே என்று என் வீட்டுக்காரர் என்னைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. ஊசி குத்திக் கறுத்த வயிற்றைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு பெண்ணிடம் போனைக் கேட்டு வாங்கி, அவரோடு ஷெட்டில் வேலை பார்த்த, அன்றைக்கு ஷிப்டில் இருந்த பையனைக் கூப்பிட்டார்.

“தம்பி, நான்தான். பஸ்ஸராண்ட போ. டேப்ப உரிச்சிடு. ஆமா, இப்பவே. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு. கத்துனா கத்தட்டும்.”