ஞாயிற்றுக்கிழமை சுரப்பி வகுப்பு

டாக்டர் தொழிலில் பட்டம் வாங்கியதோடு படிப்பு நம்மை விடுவதில்லை. தலை நரைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிடும். சின்ன ஊரில் கிளினிக் வைத்து, வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளையும் வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் பேச்சு வாங்கிய சகாக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விருத்தாசலத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். சுற்றுவட்டார டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் மாத வகுப்புக்கு நான்தான் செயலாளர். ஒரு தடவை பிட்யூட்டரி, அட்ரினல் என்ற இரண்டு சுரப்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு மாதம் படிப்பது என்று முடிவு செய்தோம். முதலாவது, மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருப்பது. இரண்டாவது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருப்பது. எங்களில் பலருக்கு இரண்டுமே கல்லூரித் தேர்வோடு மறந்துபோனவை. அந்த ஆறு மாதத்தில் நடந்ததில் சிலவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

எங்க ஊருக்கு வராத வியாதி

முதல் வகுப்புக்கு நாற்பது நாற்காலி போட்டேன். வந்தவர்கள் பதினோரு பேர். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் திரையைக் கட்டியிருந்தோம். புதுச்சேரியிலிருந்து பாடம் எடுக்க வந்த பேராசிரியர் காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாதியில் பெண்ணாடம் டாக்டர் அந்தோணிசாமி எழுந்தார். எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், அறுபத்தெட்டு வயது. சர்க்கரை ஆலைப் பக்கம் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத குடும்பம் குறைவு. "ஐயா, நான் பாக்குறது காய்ச்சல், இருமல், கரும்பு வெட்டுறப்ப காலை வெட்டிக்கிட்டு வர்றவங்க. இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி வியாதி. எங்க ஊருக்கு எப்ப வரப்போவுது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பேராசிரியர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். முன்வரிசையில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அது எப்பவோ வந்து உங்க வராண்டாவுல உக்காந்திருக்குதுங்க டாக்டர். நீங்கதான் இன்னும் உள்ள கூப்பிடல."

சூளைக்காரர்

அந்த வார்த்தை முதலில் சுட்டது என்னைத்தான். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும்போதே என் நோயாளி முருகவேல் எனக்கு ஞாபகம் வந்துவிட்டார். பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளைச் சூளையில் அடுக்குகிற வேலை. வயது முப்பத்தெட்டு. ஒரு வருடமாக இளைத்துக்கொண்டே போனார், கறுத்துக்கொண்டே போனார், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பார். சூளைச் சூட்டில் நிற்கிற மனிதர் கறுக்கத்தானே செய்வார், வேர்வையில் உப்பு போனால் தலை சுற்றத்தானே செய்யும் என்று நானும் சத்து மாத்திரையும் குளுகோஸ் பாட்டிலுமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை.

திங்கட்கிழமை காலையில் ஆள் அனுப்பி வரச் சொன்னேன். படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன், நிற்கவைத்துப் பார்த்தேன். நின்றதும் சடசடவென்று இறங்கியது. வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறெல்லாம் மை தடவினது போல இருந்தது. உள்ளங்கை ரேகைகளும் கறுப்பு. சூளைச் சூடு ஈறுக்குள் எப்படிப் போகும்? கூட வந்த அவர் மனைவி செல்வி, "உப்பு டப்பாவை ஒளிச்சு வைக்க வேண்டியிருக்குது மேடம், அள்ளி அள்ளித் திங்கிறாரு" என்றாள். அதையும் நான் அதுவரை கேட்டதில்லை. முன்பு எப்போதோ வந்த காசநோய் அட்ரினல் சுரப்பியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. சோதனை முடிவு வருவதற்குள்ளேயே மருந்தை ஆரம்பித்தோம். ஆயுசு முழுக்க மாத்திரை, ஆனால் ஆயுசு இருக்கும்.

மூன்றாம் மாதம் புருசனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். எடை கூடி, நிறம் பாதி திரும்பியிருந்தது. அவர் மறுபடி வேலைக்குப் போகிறார். நான் என் ஐந்து தடவைக்கும் சேர்த்து அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்.

"நீங்க மட்டுமா மேடம். பக்கத்துல நின்னு அதே சூளையில அடுக்குறவரு ஏன் கறுக்கலன்னு எங்க யாருக்குமே தோணாமப் போச்சே."

ஒரே ஒரு கேள்வி

நான்காவது வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு அந்தோணிசாமி டாக்டர் போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது. நல்லூர்ப் பக்கத்திலிருந்து முப்பத்திரண்டு வயதுப் பெண், பெயர் தனலட்சுமி. ஏழு வருடமாக அசதி, வெயில் நாளிலும் குளிர், புருவம் உதிர்ந்துவிட்டது, வீட்டு வேலையில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். எங்கேயோ சோதித்து தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்; அதை ஆரம்பித்த பத்தாம் நாள் படுத்த படுக்கை. அவளைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வந்திருக்கிறார்கள்.

"மேடம், அந்தப் பேராசிரியர் சொல்லிக் குடுத்த கேள்வியைக் கேட்டேன். பிரசவத்துக்கு அப்புறம் பால் வந்துச்சாம்மான்னு. ஒரு சொட்டு வரலையாம். ரத்தம் ரொம்பப் போச்சாம், அதுக்கப்புறம் தூரமே ஆகலையாம். ஏழு வருசத்துல இதை யாரும் கேக்கலையாம்." பிரசவத்தில் ரத்தம் போனதில் பிட்யூட்டரி செத்துப் போயிருக்கிறது. அது செத்தால் தைராய்டு மட்டுமில்லை, அட்ரினலும் படுத்துவிடும். அட்ரினலுக்கான ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்காமல் தைராய்டு மருந்தை மட்டும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவர் கேட்டது ஒன்றுதான்: "முதல்ல ஸ்டீராய்டு, அப்புறந்தான் தைராய்டு. சரிதானே?" சரி என்றேன். ஊசியைப் போட்டு, தன் காரிலேயே ஏற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே உட்கார்ந்து போனார் அந்த மனிதர். எங்கள் ஊருக்கு எப்ப வரப்போவுது என்று கேட்ட அதே மனிதர்.

இரண்டு மாதம் கழித்து பெண்ணாடத்தில் வேறு வேலையாகப் போனபோது அவர் கிளினிக்கில் எட்டிப் பார்த்தேன். தனலட்சுமி மருந்துச் சீட்டுக்காக நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருடமாக மாமியார் வீட்டில் அவளுக்குச் சோம்பேறி என்றே பெயராம். டாக்டர் அவளிடம் என்னைக் காட்டி, இவங்க நடத்துற வகுப்புலதான் படிச்சேன் என்றார். அவள் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"வியாதின்னு சொன்னா யாராச்சும் சந்தோசப்படுவாங்களா மேடம்? நான் பட்டேன்."

மருந்துக்கடைக்காரர்

ஐந்தாவது வகுப்புக்கு மருந்துக்கடைக்காரர்களையும் கூப்பிடலாம் என்று நான் சொன்னபோது பெரிய சண்டையே வந்தது. டாக்டர்கள் படிக்கிற இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை என்று அதிகமாகக் கத்தியவர் வேப்பூரில் கிளினிக் வைத்திருக்கும் எலும்பு டாக்டர் குணசேகரன். நான் கேட்கவில்லை, கூப்பிட்டுவிட்டேன். வேப்பூரிலிருந்து மோகன் என்கிற கடைக்காரர் வந்து கடைசி வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை தின்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் அன்றைய பாடம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் தூங்கிவிடும். நிறுத்தியதும் உடனே எழுந்திருக்காது.

அடுத்த வாரமே ஒரு லாரி டிரைவர் அவர் கடைக்கு வந்து அம்மாவுக்கு வாந்தி மாத்திரை கேட்டிருக்கிறார். மோகன் எடுத்துக் கொடுக்காமல், அம்மா ஏதாச்சும் மாத்திரையை நிறுத்துனாங்களா என்று கேட்டார். மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை இரண்டு வருடமாகத் தின்றவர், கெடுதல் என்று கேள்விப்பட்டு நான்கு நாளைக்கு முன் ஒரேயடியாக விட்டுவிட்டாராம். மோகன் கடையை மூடிவிட்டு, அந்த அம்மாவை நேராக எலும்பு டாக்டர் கிளினிக்குக்கே கொண்டுபோனார். பக்கத்தில் திறந்திருந்தது அது ஒன்றுதான். போனதும் பார்த்தால் ரத்த அழுத்தம் கருவியில் பதியவே இல்லை, அவ்வளவு இறங்கியிருந்தது. குணசேகரனும் வகுப்பில் இருந்தவர்தானே, ஒரு நிமிடம் தயங்கவில்லை. ஸ்டீராய்டு ஊசியும் குளுகோஸும் போட்டு, சாயங்காலம் அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டதும் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அடுத்த வகுப்புல அந்தக் கடைக்காரரை முன்னாடி உக்கார வைங்க. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."

படம் காட்டியவர்

கடைசியாகச் சொல்வது எங்களுக்குள்ளேயே நடந்தது. குழந்தை டாக்டர் ராஜவேலுவுக்கு நாற்பத்தாறு வயது. வகுப்பில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு படங்களை மாற்றுவது அவர் பொறுப்பு. பிட்யூட்டரியில் கட்டி வந்து, வளர்ச்சிச் சுரப்பு அதிகமாகி, கையும் காலும் தாடையும் மெல்ல மெல்லப் பெருத்துப் போகிற நோயை இரண்டாவது வகுப்பில் நடத்தினார்கள். ஒரே மனிதரின் பத்து வருட இடைவெளிப் படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டச் சொன்னார் பேராசிரியர். படம் திரையில் வந்தது. அதற்குப் பிறகு மாறவில்லை. "அடுத்தது போடுங்க டாக்டர்" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் ராஜவேலு அடுத்த படத்தைப் போட்டார். நாங்கள் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்தோம்.

மறுநாள் காலை என் கிளினிக்கில் நோயாளிகளுக்கு நடுவில் வரிசையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து கல்யாண மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தார். சுண்டு விரலில்கூட ஏறவில்லை. ஷூ அளவு எட்டிலிருந்து பத்துக்குப் போயிருக்கிறது. குறட்டைக்காக மனைவி அடுத்த அறைக்குப் போய் மூன்று வருடம். "குண்டாயிட்டேன்னு நெனச்சேன் அக்கா" என்றார். ஸ்கேன் எடுத்தோம். கட்டி இருந்தது. பார்வை நரம்பை இன்னும் தொடவில்லை. சென்னையில் மூக்கு வழியாகவே அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். அவர் திரும்பி வரும்வரை அவருடைய குழந்தை நோயாளிகளை நாங்கள் பங்குபோட்டுப் பார்த்தோம். என் பங்குக்கு வந்ததுகள் என்னைப் பார்த்ததும் அழுதன.

ஆறாவது வகுப்புக்கு அவர் வந்தபோது நாற்பது நாற்காலி போதாமல் பக்கத்து மண்டபத்தில் கடன் வாங்கினோம். பேராசிரியர் பாடத்தை முடித்ததும் ராஜவேலு தானாகவே எழுந்து, தன் கல்யாணப் படத்தையும் ஆபரேஷனுக்கு முந்தைய வாரத்துப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் திரையில் போட்டார். குரல் பிசிறில்லாமல் பேசினார்.

"எட்டு வருசமா மாசாமாசம் இதே டாக்டருங்களோட உக்காந்துதான் சாப்புட்டேன். யாருக்கும் தெரியல. உங்களைக் குத்தம் சொல்லல, தினமும் கண்ணாடி பாத்துச் சவரம் பண்ண எனக்கே தெரியல."

டாக்டர் பதிவைப் புதுப்பிக்கிற படிவத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தேன் என்று கேட்க ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள், அந்த வகுப்பால் எத்தனை நோயாளிகள் எழுந்து நடந்தார்கள் என்று எழுத மட்டும் இடம் விடவில்லை.