காஸ் மணம் என்று நான் சொன்ன பொய்

சாதாரண தரப் பரீட்சையை இரண்டு முறை கோட்டை விட்டவனை நம்பி ஊர் தன் உயிரை ஒப்படைத்திருந்த காலம் அது. நான் காஸ் கடையில் வேலை செய்தேன். அங்கங்கே சிலிண்டர் வெடித்த செய்திகள் வரத் தொடங்கியதும், வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் பயந்துபோய், "ஒருக்கால் வந்து பாத்துத் தாரும் தம்பி" என்று கடைக்கு வந்தார்கள். முதலாளி என் கையில் ஒரு போத்தல் சவர்க்காரத் தண்ணீரைத் தந்து அனுப்பினார். இணைப்புகளில் தடவ வேண்டும். குமிழி வந்தால் கசிவு. அதற்கு நான் படித்த படிப்பே அதிகம்.

தெல்லிப்பழையில் ஒரு வீடு. முன்பாதியில் வீட்டுக்கார ஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர். பின்பாதியில் வல்வெட்டித்துறையிலிருந்து ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த ஓர் அக்காவின் குடும்பம். ஐயா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கக் கூடாது.

நான் போனபோது ஐயா இல்லை. அக்கா சமைக்கும் குசினி துடைத்துவிட்ட கோயில் போல இருந்தது. சிலிண்டரைக் காணவில்லை.

"காஸ் இல்லாமல் சமைக்கிற வித்தையை எனக்கும் சொல்லித் தாங்கோ அக்கா. கடையைப் பூட்டிப்போட்டு வீட்டை போறன்."

அக்கா முறைத்துவிட்டுச் சாமான் அறையைத் திறந்தார். உள்ளே சிலிண்டர், அப்போதுதான் அணைத்த அடுப்பு, அதன்மேல் பாரைமீன் குழம்பு. யன்னல் முழுக்கப் பொலித்தீன் ஒட்டியிருந்தது. கதவின் கீழே சாக்கு.

"இதென்னக்கா, சண்டைக்காலத்துப் பங்கரோ?"

"சத்தம் போடாதை. மீன் இல்லாட்டில் பிள்ளையள் சோத்தைத் தொடுகுதுகள் இல்லை. மணம் வெளியிலை போனால் ஐயா எங்களை வீட்டை விட்டு எழுப்பிப் போடுவார். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட வேறை வீடு எங்கை கிடக்கு?"

தண்ணீரைத் தடவினேன். குழாய் முனையில் குமிழி புறுபுறுவென்று வந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. காஸ் காற்றைவிடக் கனம். அடைத்த அறையில் நிலத்தோடு படுத்துக் கிடக்கும். ஒரு நெருப்புக்குச்சி போதும். வால்வை மூடிவிட்டுப் பொலித்தீனை இழுத்துக் கிழித்தேன்.

அந்த நேரம் பார்த்து யன்னலுக்கு நேரே ஐயாவின் சைக்கிள்.

"என்ன தம்பி உது மணம்?"

அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லை. என் வாய் சும்மா இருக்குமா?

"காஸ் லீக் ஐயா. கண்டுபிடிக்கட்டுமெண்டு கம்பனியிலை ஒரு நாத்தம் போட்டுத்தான் விடுறவை."

"அட, நான் மீனெண்டெல்லோ நினைச்சு இந்தப் பிள்ளையிலை சந்தேகப்பட்டுப் போட்டன்!"

புதுக் குழாய் பூட்டி, யன்னலை இனி மூடக் கூடாது என்று சொல்லி, வீரனைப் போலக் கடைக்குத் திரும்பினேன்.

மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் பிடித்தார். "நாசமாப் போனவனே! குழம்பு கொதிக்கத் தொடங்க ஐயா வெளியிலை நிண்டு 'காஸ் லீக், நிப்பாட்டு, நிப்பாட்டு' எண்டு கத்துறார். எங்களை ஓடிவரச் சொல்லி மாமரத்துக்குக் கீழை நிப்பாட்டுறார். மூண்டு நாளாக் கடைப் பாணும் சம்பலும்!"

வயிறு நோகச் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. உண்மையாகவே காஸ் கசியும் அன்றைக்கு, மீன் மணம் இல்லையே என்று ஐயா நிம்மதியாக இருந்துவிடுவார். சைக்கிளை மிதித்தேன்.

"ஐயா, அண்டைக்கு நான் சொன்னது பொய். உது பாரைக் குழம்பு. காஸ் அழுகின முட்டைக்கோவா மாதிரி மணக்கும். உங்களுக்குப் பயந்து அறையை அடைச்சுச் சமைச்சவை. கொஞ்சம் பிந்தியிருந்தால் உங்கடை வீட்டுக்குக் கூரையும் இல்லை."

ஐயா அக்கா பக்கம் பார்த்தார். அக்கா மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டது தெரிந்தது.

"பிள்ளை, நான் வீட்டுக்கை எண்டுதானே சொன்னனான்? வளவுக்கை எண்டனானோ? எங்கடை அப்பர் இறைச்சி காய்ச்சிறதெண்டால் கிணத்தடிக்கு அங்காலை மூண்டு கல்லு வைச்சுத்தான்." என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னனீ எல்லே? அங்காலை சமைக்க ஒரு கொட்டில் நீ போடு."

இரண்டு நாள் தகரம் சுமந்தேன். ஐயா கதிரையில் இருந்து, மணம் சாமியறைப் பக்கம் போகுமென்று மூன்று முறை தூணைப் பிடுங்க வைத்தார். கடைசியில் அடுப்பு ஏறியது. அக்கா குழம்பு வைத்தார். ஐயா எழுந்து நின்று காற்றுப் பார்த்தார்.

"இப்ப சரி. ஆனால் தம்பி, உது சோழகக் காத்துக்குத்தான் சரி. வாடைக் காத்துத் தொடங்க வந்து மற்றப் பக்கம் மாத்து."