பைக்குள் ஏழு பேர்

அன்று மதுரையிலிருந்து திரும்பிய ரயிலில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். என்னோடு குளத்தூர் உப்பளத் தொழிலாளியின் மகன் ஒருவன், விளாத்திகுளத்துக்காரர்கள் இரண்டு பேர். மற்ற மூவரும் வரவில்லை. ஆனால் பைக்குள் ஏழு பேரும் இருந்தோம்.

பொறியியல் கல்லூரியில் எங்களுடையது ஒரு சின்னக் குழு. எல்லாரும் தமிழ் மீடியம், வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். நாலு மணிக்கு மேல் காலி வகுப்பறையில் கூடுவோம். ஒருவர் முன்னால் நின்று இங்கிலீஷில் பேச, மற்றவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. எல்லாருடைய ஒரிஜினல் சான்றிதழ்களும் ஒரே பையில், குழுவைத் தொடங்கியவளின் வீட்டில் இருக்கும். அவளுடைய அம்மா தீப்பெட்டி ஆபிஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர். எங்கள் வீடுகளில் மழைக்கு ஒழுகாதது அவள் வீடு ஒன்றுதான். என் வீட்டில் ஆடுகள் வேறு. முதல் வருடமே என் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டின் மூலையை ஒரு குட்டி தின்றுவிட்டது.

"ஏலே, ஒங்க வீட்டுல மொத பட்டதாரி அந்த ஆடுதாம்ல" என்பான் குளத்தூர்க்காரன்.

மதுரையில் இன்டர்வியூ எங்கள் நாலு பேருக்குத்தான். எங்களுடையதை மட்டும் எடுத்துப் போயிருக்கலாம். பிரித்தால் ஒன்றோடொன்று மாறிவிடும் என்று நான்தான் பையோடு கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போது அவள், "திங்கக்கெழம நான் ஓசூர்ல வேலைக்குச் சேரணும். ஒரிஜினல் இல்லன்னா உள்ளயே விட மாட்டாங்க, பாத்துக்கோ" என்றாள்.

கோவில்பட்டியில் இறங்கி, பிளாட்பாரத்தில் கடலை மிட்டாய் வாங்கக் காசு எடுத்தபோதுதான் தோள் லேசாக இருப்பது தெரிந்தது. ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் மணியாச்சிக்குப் போன் போட்டார். "வண்டி அங்கன போய்ச் சேரட்டும். உக்காருங்க." உட்கார முடியவில்லை. நடுவில் கடம்பூரில் யாராவது எடுத்துக்கொண்டு இறங்கினால்? ஏழு பேரின் நாலு வருடத்தை ஜிப் போட்ட ஒரு ரெக்சின் பையில் வைத்து, அதை மேல் பலகையில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"எறங்கிட்டியளா?"

"எறங்கிட்டோம்."

"சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டேன். விளாத்திகுளத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து மேஜைப் போன் அடித்தது. மாஸ்டர் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தார். "பை இருக்காம். மேல கெடக்கிற மார்க் ஷீட்டுல ஒரு மூலையே இல்லைங்காரு?"

"அது ஆடு தின்னது, சார்."

அவர் சிரிக்கவில்லை. கேட்டுவிட்டு, "ஏழு பேரோடது இருக்காம். அவியவிய நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம்" என்றார்.

பை கிடைத்துவிட்டது. பயம் போகவில்லை. இனி அவளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். போன் போட்டுச் சொன்னேன். "எங்க இருக்க? அங்கனயே நில்லு" என்றாள்.

குழுவில் மீதி இருந்த இருவரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். அடுத்த ரயிலில் ஏழு பேரும் மணியாச்சிக்குப் போனோம். அங்கே அவள் கையெழுத்துப் போட்டுத் தன் தாள்களை மூன்று தடவை எண்ணினாள்.

திரும்பும்போது, "செலவு பூரா நான் தாரேன்" என்றேன்.

"நீ மட்டும் எதுக்குத் தரணும்? இத்தன நாளா ஒரே பையில வச்சது நாம எல்லாருந்தான். இனிமே அவங்கவங்க பை அவங்கவங்க கிட்ட" என்று செல்போனில் கணக்குப் போட்டாள். ஆட்டோவுக்கு நூற்று நாற்பது, போக வர டிக்கெட் நூற்று நாற்பது. ஏழால் வகுத்தாள். ஆளுக்கு நாற்பது ரூபாய்.