திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொன்ன புத்தகம்

என் வீட்டுக்காரர் புத்தகம் படிக்கத் தொடங்கியது கடல் பொங்கி வந்த வருஷத்துக்குப் பிறகுதான். சுனாமி என்ற சொல்லை அதற்கு முன்னால் எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. அது ஜப்பான்காரர்கள் சொல் என்று யாரோ சொல்ல, அந்த நாட்டைப் பற்றி என்ன இருக்கிறது என்று நூலகத்தில் போய்க் கேட்டிருக்கிறார். பூகம்பத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்ததாம். மற்றதெல்லாம் வாள் வைத்திருந்த பழைய காலத்து வீரர்களைப் பற்றி. சாமுராய் என்று பெயர். பூகம்பத்தை இரண்டு நாளில் முடித்துவிட்டார். சாமுராயை விடவில்லை.

எங்கள் கடலூர் நூலகத்தில் இருந்ததைப் படித்து முடித்ததும், சிதம்பரத்தில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மருமகன் கார்டில் அங்குள்ள நூலகத்திலிருந்து எடுத்து வருவார். ஷிப்ட் முடிந்து வந்து, உடம்பில் ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டை நாற்றம் போகக் குளித்துவிட்டு உட்கார்ந்தால், சாப்பாட்டுக்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும். படித்ததைச் சோற்றோடு சேர்த்துச் சொல்வார்.

"அவுங்க டீ போடறதையே பூசை மாதிரி பண்ணுவாங்களாம்டி."

"பால்காரன் நேரத்துக்கு வந்தா நானும் பண்ணுவேன்."

அட்டையில் இருந்த வீரனைக் காட்டினார் ஒரு நாள். இடுப்பில் இரண்டு வாள், கீழே அகலமான உடுப்பு. "பாவாடை கட்டிக்கிட்டு என்னா வீரம்?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்படிச் சிரித்த மனிதர்தான்.

அவர் வேலை பார்த்தது ஒரு ரசாயனத் தொழிற்சாலையில். ஷிப்டுக்குப் பொறுப்பு அவர். தொட்டியைக் கழுவ ஆள் இறங்குவதற்கு முன், பொறுப்பில் இருப்பவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்று மூச்சுக்கு ஆகுமா என்று சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பெர்மிட் தாளில் கையெழுத்து. ஆனால் அங்கே எல்லாரும் மேசையில் உட்கார்ந்தபடியே போட்டார்கள். பல வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்தால் அதுவே வழக்கமாகிவிடுகிறது.

அவருக்குக் கீழே வேலை செய்த ஒருவர் காட்டுமன்னார்கோயில் பக்கம். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். பொங்கலுக்குக் கரும்போடு வந்து, புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணன் ஒருநாள் ஜப்பானுக்கே போயிடுவாரு. சட்டையெல்லாம் பூட்டி வையிங்க" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் ஒரு காலை ஷிப்டில் அந்தத் தம்பி தொட்டிக்குள் இறங்கினார். ஏறி வரவில்லை.

அன்று சாயந்திரம் இவர் வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தொடாமல் என்னிடம் சொன்னார். "நான் போயிப் பாக்கலடி. மேசையிலயே போட்டேன். பெர்மிட்டே போடலன்னு சொல்லிடுன்னு மேல இருக்கறவுங்க சொன்னாங்க. தாளைக் கிழிச்சிட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன்." அனுமதி இல்லாமல் தானாக இறங்கிச் செத்தார் என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தம்பியின் மனைவிக்கு நஷ்ட ஈடு எதுவும் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். இவர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெற்று வந்தார். அதைப் பற்றி அப்புறம் வாயே திறக்கவில்லை.

நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மறு வருஷம் தை பிறந்ததும் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளித்தார். சுவரில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் சைக்கிளை எதிர்வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுத்துவிட்டார். பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியும் சட்டையும் எடுத்துக் கொடுத்து, சொட்டு நீலம் போட்டுத் துவைத்து வைக்கச் சொன்னார்.

"எங்க, கல்யாணமா?"

"வையி. வேணும்."

தேதி கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எதையோ எழுதுவதும், அடிப்பதுமாக இருந்தார். அவர் முடிவெட்டப் போயிருந்தபோது எடுத்துப் பார்த்தேன். இரண்டே வரி. 'காற்றைப் பார்த்ததாக எழுதினேன். காற்று இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.'

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பெரிய எழுத்து என்றால் படிப்பேன். அவர் படித்த சாமுராய்ப் புத்தகமோ பொடி எழுத்து. அவர் வெளியே போகும் நேரங்களில் விரல் வைத்து, ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று படித்தேன். அவர் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்த இடத்திலேயே தொடங்கினேன். கடமையில் தவறிய சாமுராய் அவமானத்தோடு வாழ மாட்டானாம். கத்தியால் வயிற்றைக் கிழித்துத் தன் கணக்கைத் தானே முடித்துக்கொள்வானாம். அதற்கு முன் குளிப்பான். வெள்ளை உடுத்துவான். தன்னுடையதைக் கொடுத்துவிடுவான். கடைசியாக ஒரு கவிதை எழுதுவான். இதை நான்கு நாளாகப் படித்தேன். நான்காவது நாள் புத்தகத்தை மூடிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன்.

அன்றே அரிவாள்மனையையும் இரண்டு கத்திகளையும் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். சாணை பிடிக்க ஆள் வந்தால் கொடுங்கள் என்று ஒரு பொய். அதற்குப் பிறகு கீரையும் பருப்பும்தான். வெண்டைக்காயைக் கையால் ஒடித்துப் போட்டேன். கத்திரிக்காயை அப்படியே போட்டேன்.

"என்னாடி இது, கத்திரிக்கா முழுசா கெடக்குது?"

"முழுசா வெந்தா ருசி."

பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. "என்னாக்கா, மீன்காரி வந்தா கதவச் சாத்திக்கிறீங்க? மாலை கீலை போட்டிருக்கீங்களா?" ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மகளிடம் சொல்லவில்லை. வாயால் சொன்னால் நடந்துவிடும் போல இருந்தது. அவளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். நேரே நூலகத்துக்குப் போனேன். அதுவரை அந்த மாதிரி இடத்துக்குள் கால் வைத்ததில்லை. மேசையில் இருந்தவர் நிமிரும்வரை நின்றேன். அவர் கேட்டபோது மருமகன் பெயரையும் புத்தகத்தையும் சொன்னேன்.

"எங்கூட்டுக்காரருக்கு அந்த மாதிரிப் புத்தகம் குடுக்காதீங்க சார்."

"ஏம்மா, அது சரித்திரம்மா. தப்பான புத்தகம் கிடையாது." சிரித்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டினார். "நாலு தடவ புதுப்பிச்சிட்டாரு. போன வாரம் கேட்டேன். வர்ற திங்கக்கெழம குடுத்துடறேன், அதுக்கப்புறம் எனக்கு எதுவும் வேணாம்னு சொன்னாரு. நீங்க கவலப்படாதீங்க."

அதுக்கப்புறம் எனக்கு எதுவும் வேணாம். பஸ்ஸில் வரும்போது அதுதான் காதில் நின்றது. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமைதான் அந்தத் தம்பி இறந்து ஒரு வருஷம் முடிகிற நாள்.

திங்கட்கிழமை விடியலில் குளிக்கும் சத்தம் கேட்டது. தெற்கிலிருந்து காற்று. அழுகிய பழம் மாதிரி சிப்காட் வாடை வீட்டுக்குள் நிறைந்திருந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். கையில் புத்தகம். நான் போய் வாசற்படியில் நின்றுகொண்டேன். நாற்பது வருஷத்தில் அவரை வழிமறித்தது அன்றுதான்.

"நானும் வர்றேன்."

"எங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"எங்கயா இருந்தாலும் வர்றேன்."

"புடவ மாத்திக்க" என்றார்.

சிதம்பரத்தில் இறங்கிப் புத்தகத்தைக் கொடுத்தார். அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தம்பியின் மனைவியிடம் உண்மையைச் சொல்லப் போகிறார். மூச்சு வந்தது போல இருந்தது. ஆனால் முழுதாக வரவில்லை.

"சொல்லிட்டு வந்து என்னா பண்ணுவீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடவு முடிந்த வயலா அறுப்பு வயலா என்றுகூட எனக்கு நினைவில்லை. ஒரு ஊர் தாண்டிய பிறகு சொன்னார். "அந்தப் பொண்ணு என்னா சொல்லுதோ அதப் பொறுத்து."

வீட்டு வாசலில் படத்துக்கு மாலை போட்டு, படையல் முடிந்து, சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்தப் பெண் வெளியே வந்து, "வாங்க மாமா, வாங்கக்கா" என்றாள். இவர் உள்ளே போகவில்லை. வெயிலில் நின்றபடியே சொன்னார். பெர்மிட் போட்டது, மேசையில் போட்டது, தாளைக் கிழித்தது, தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை. சொந்தக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று நான் குறுக்கே போனேன். அந்தப் பெண்தான் கை நீட்டி நிறுத்தினாள்.

"ஒரு வருஷமா எங்கூட்டுக்காரரு திமிர்ல எறங்குனாருன்னு பேசுறாங்க மாமா. எம்புள்ளைங்க காதுலயே சொல்றாங்க."

"தெரியும்மா."

"கேஸ் போட்டிருக்கேன். சாட்சி இல்லன்னு இழுக்குது. கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கு என்ன தெரிந்ததோ. "சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒங்களுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. ஆச்சுன்னா செத்தாலும் ஒங்கள மன்னிக்க மாட்டேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்கதான் பாத்துக்கணும்."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடலூர் கோர்ட்டுக்கு அவரோடு போய் வருகிறேன். ஒரு தடவை நீதிபதி விடுப்பு. ஒரு தடவை எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வாய்தா. அந்தப் பெண் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, வெயிலில் நின்று, திரும்பிப் போகிறாள். அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் சாமி கும்பிடுகிறேன். அது பொய்யில்லை. ஆனால் வாய்தா என்று கூப்பிட்டுச் சொல்லும்போது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கும். அவள் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் அவளுடைய வக்கீல் எங்களை நிறுத்திச் சொன்னார். இனி வாய்தா கிடையாது, அடுத்த மாதம் இவர் சாட்சி சொல்லியாக வேண்டும் என்று. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர், "அப்பாடா" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்திருந்தது. சொல்லி முடிக்கிற வரைக்கும் என்று அன்று அந்தப் பெண் சொன்னதுதான் என் காதில் நின்றது. அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.