கதவு மூடிய பின் வந்த அழைப்பு

ஒருவர் தம் வாக்கை இழக்காதிருப்பதற்காக, அவருக்கு வந்த அழைப்பை இன்னொருவர் ஏற்கலாமா? 2009 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, மேற்கு லண்டனில், இதற்கு விடை காண எனக்குக் கிடைத்தவை சில நொடிகளே.

பகல் 12.30. மதுரையிலிருந்து சில மாத வேலைக்காக வந்த நான், தங்கியிருந்த விம்பிள்டனிலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் கிளம்பி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, ஈலிங் பிராட்வேயில் இறங்கினேன். சிவராசா அண்ணை காத்திருந்தார். ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டு இங்கே வந்து மளிகைக் கடை நடத்துபவர். ஒரு கட்சியின் உறுப்பினர். அக்கட்சியின் தொகுதிக் கிளை அன்று நாடாளுமன்ற வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கவிருந்தது. போட்டியிட்ட இருவரில் ஒருவர் ஹர்தேவ் சிங் என்ற சீக்கிய வழக்கறிஞர். தலைப்பாகை அணிந்த எவரும் பிரிட்டிஷ் மக்களவையில் அதுவரை அமர்ந்ததில்லை.

பேருந்துக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு. அண்ணை கைப்பேசியைக் கையிலிருந்து விடவேயில்லை. வன்னியில் போருக்குள் சிக்கியிருந்த தங்கையிடமிருந்து ஆறு வாரமாகச் செய்தி இல்லை.

“இன்னிக்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமேண்ணே?”

“இருந்து? சுவரைப் பாக்கிறதே? நாங்கள் பார்லிமென்ட் வாசலில நிண்டு கத்துறது உள்ளுக்கை கேக்குதில்லை, தம்பி. இந்த மனுசன் போனால் நாளைக்கு எங்கட ஆளும் போகலாம்.”

பிற்பகல் 2.00. தேவாலயம் ஒன்றின் பக்க மண்டபம். செயலாளர் கதவை மூடி விதியை அறிவித்தார்: இருவரின் பேச்சையும் கேள்வி பதிலையும் முழுமையாகக் கேட்டவருக்கே வாக்கு, இடையில் வெளியேறினால் இல்லை. வாக்கற்ற விருந்தினனாக நான் அண்ணையின் அருகே அமர்ந்தேன்.

2.50. ஹர்தேவ் சிங் பேசி முடித்ததும் ஒரு முதியவர் எழுந்தார். “நீங்கள் யாருடைய பிரதிநிதி? இந்தத் தெருக்களுக்கா, குருத்வாராவுக்கா?”

“முதலில் பேசியவரிடம் இதை நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும்…” என்று ஹர்தேவ் சிங் தொடங்கியபோது அண்ணையின் கைப்பேசி அதிர்ந்தது. அறியாத எண். அண்ணை கதவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு அதை என் கையில் திணித்தார்.

“நீர் போய்க் கதையும். பத்து நிமிசம். கட்டாக விடாதையும்.”

வெளியே ஓடினேன்.

“அண்ணை?” பெண் குரல், பின்னால் பெருங்கூட்டத்தின் இரைச்சல்.

“அண்ணன் உள்ளே இருக்காரும்மா. நான் அவருக்குத் தெரிஞ்சவன்.”

“நீங்கள் ஆர்? இந்தியாக்காரரோ? அண்ணையின்ர போன் ஏன் உங்களிட்டை? அவருக்கு என்ன நடந்தது?”

“ஒண்ணும் ஆகலை. இதோ கூப்பிடறேன்.”

கதவின் கைப்பிடியைப் பற்றினேன். அழைத்தால் அவருடைய வாக்குப் போகும். அழைக்காவிட்டால்? அதை எண்ணிக்கொண்டு நின்றபோதே இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தேன், மணி அடிக்கவேயில்லை.

4.10. ஹர்தேவ் சிங் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். நடந்ததைக் கேட்டு அண்ணையிடம் வந்தார். “நீங்கள் போயிருக்க வேண்டும்.”

“போயிருந்தால் பத்து,” என்றார் அண்ணை. திரும்பும் பேருந்தில் கைப்பேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வவுனியா அகதி முகாமிலிருந்து தங்கை மறுபடி அழைத்தாள். அந்த ஐந்து நாளும் தமையன் இறந்துவிட்டதாகவே நினைத்திருக்கிறாள்.

மே மாதம் மதுரையில், பள்ளிக்கூட வாசல் வரிசையில் நின்று வாக்களித்தேன். இடையில் கைப்பேசி அடித்தது. வரிசையை விட்டு விலகிப் பேசிவிட்டு, மீண்டும் கடைசியில் போய் நின்றேன். எவரும் தடுக்கவில்லை.

லண்டனின் அந்தக் கட்சிக் கிளையில் இப்போது, குடும்ப அழைப்புக்காக வெளியே செல்பவர் திரும்பி வந்து வாக்களிக்கலாம். திருத்தத்தை முன்மொழிந்தவர் ஹர்தேவ் சிங்.