இரண்டு சோடிக் கையுறைகள்

பேய், ஆவி, நாவூறு, சாத்திரம், இவை எதிலும் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. இப்படிக் கதை சொல்ல வருகிற எல்லாரும் இதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம், நினையுங்கள், பரவாயில்லை. நான் நாள், கிழமை சரிபார்க்காமல் ஒரு விஷயத்தை வாயால்கூடச் சொல்லாத ஆள். மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவில் எந்த வருடம் எந்தக் கிழமை முதல் பனி விழுந்தது என்று கேட்டால் சொல்வேன். ஆனால் போன பெப்ரவரியில், குடும்ப தின நீள்வார இறுதியின் சனிக்கிழமை பின்னேரம் நடந்ததை மட்டும் எந்த ஒழுங்கில் அடுக்கினாலும், முதலில் நடந்தது எது, பிறகு நடந்தது எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணிநேரம் காரில் போனால் ஒரு பெரிய காடு வரும். பனியில் சறுக்க ஸ்கீ கட்டிக்கொண்டு அதற்குள் போகிறவர்கள் வழி தவறினாலோ காலை முறித்துக்கொண்டாலோ தேடிக் கொண்டுவருகிற தொண்டர்களில் நானும் ஒருவன். சம்பளம் கிடையாது, சாமான்களும் எங்கள் சொந்தச் சாமான்கள்தான். நெற்றிவிளக்கு, விசில், முறிந்த காலுக்குக் கட்டுகிற மட்டை, வெந்நீர்ப் போத்தல், மேலதிகமாக ஒரு சோடிக் கையுறை, எல்லாம் ஒரே முதுகுப்பைக்குள் இருக்கும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காட்டுக்குள் போகுமுன் இரண்டிரண்டு பேராகப் பைகளை மாற்றிக்கொள்வோம். மற்றவருடைய பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து, பெயரை உரக்கச் சொல்லி, திரும்ப வைக்க வேண்டும். தன் பையைத் தானே பார்க்கிறவனுக்கு இல்லாததும் இருப்பதாகத் தோன்றும் என்பதால் வந்த வழக்கம் அது.

என் சோடி ரிஸ்வான். அஜக்ஸில் இருக்கிறார், எலெக்ட்ரீஷியன், யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அன்று காலையும் என் பையைப் பிரித்தவர் வழக்கம்போல் தொடங்கினார்.

"அண்ணை, உதைப் பார்த்தால் ஸ்கீக்குப் போற பை மாதிரி இல்லை, ஊருக்குப் போற சூட்கேஸ் மாதிரிக் கிடக்கு. மட்டை, ஓம். விசில், ஓம். கையுறை ஒரு சோடி, ஓம். பச்சை நூல் போட்ட டிசைன் வேற!"

அது டிசைன் இல்லை. சாம்பல் நிறக் கம்பளிக் கையுறை, இடது கட்டைவிரல் ஓட்டையாகி, வீட்டில் வேறு நூல் இல்லாததால் என் மனைவி பச்சை நூலால் தைத்தது. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பது இனிப் புரியும்.

பின்னேரம் ஒரு பெண் பார்க்கிங்கில் நின்று பதறிக்கொண்டிருந்தாள். யூனியன்வில்லில் இருந்து கணவனோடு வந்தவள், தான் களைத்துப்போய்த் திரும்பிவிட்டதாகவும் அவர் ஓடைப் பக்கமாகத் தனியே போனவர் இன்னும் வரவில்லை என்றும் சொன்னாள். கணவனின் பெயர் கோகுலன், பல் டொக்டர். தமிழ் முகங்களைக் கண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. காற்றும் பனியுமாக மூசிக்கொண்டு வந்த நேரம் அது. நானும் ரிஸ்வானும் ஓடைத் தடத்தில் இறங்கினோம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. விசில் ஊதுவதும் நின்று கேட்பதுமாகப் போய்க்கொண்டிருந்தோம், கடைசியில் ஒரு முனகல் கேட்டது.

ஒரு மரத்தடியில் சாய்ந்திருந்தார், வலது கால் முறிந்து. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"திரும்பி வாறன் எண்டிட்டுப் போனனீங்கள், கெதியா வந்திட்டீங்கள் அண்ணை. தாங்ஸ்."

"தம்பி, நாங்கள் இப்பதான் வாறம்."

"இல்லையே, முதல் தனியா வந்தனீங்கள். இந்த அண்ணை வரேல்லை. போன் எடுக்க கிளவ்ஸைக் கழட்டினன், காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது. கை மரத்துப்போச்சு எண்ட உடன பைக்குள்ளை இருந்து இதை எடுத்துத் தந்தனீங்கள்."

கைகளை நீட்டினார். சாம்பல் நிறக் கம்பளி, இடது கட்டைவிரலில் பச்சை நூல்.

குளிரில் விறைத்தவர்கள் தாறுமாறாகப் பேசுவது எங்களுக்குப் பழகிய விஷயம். ரிஸ்வான் மட்டை எடுக்க என் பையைத் திறந்தார். பிறகு அடியிலிருந்து என் கையுறைகளை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். அதிலும் பச்சை நூல்.

"அண்ணை," என்றார் மெதுவாக, "காலமை ஒரு சோடிதானே எண்ணினன்."

காலைக் கட்டி, சறுக்குவண்டி வரவழைத்து, ஆளைக் கொண்டுவந்து சேர்த்தோம். கையுறை இல்லாமல் இருந்திருந்தால் விரல்கள் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம், அவருடைய தொழிலே அந்த விரல்கள்தான். நன்றி சொல்லிக் கையுறைகளைத் திருப்பி அனுப்பினார். இரண்டு சோடியையும் மேசையில் வைத்து ஒப்பிட்டேன். ஒரே தையல், என் மனைவி எப்போதும் விடுகிற அந்தக் கோணல் முடிச்சுகூட இரண்டிலும் இருந்தது. ஒரு வித்தியாசம்தான், அவர் அனுப்பியதில் வலது உள்ளங்கையில் நீல நூலால் ஒரு தையல் இருந்தது. என்னுடையதில் அந்த இடம் முழுசாக இருந்தது.

வேறு தொண்டர் யாராவது கொடுத்திருக்கலாம் என்றால், அன்று அந்தக் காட்டில் தமிழ் பேசுகிற தொண்டர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்பே ஒருமுறை போய் மறந்துவிட்டேன் என்றால், நாள் முழுதும் ரிஸ்வான் என் பக்கத்திலேயே இருந்தார். படித்ததையெல்லாம் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

இந்த மார்கழியில் என் கையுறை ஒரு கிளையில் மாட்டி வலது உள்ளங்கை கிழிந்தது. நான் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமல் மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் தைத்து முடித்திருந்தாள். நீல நூல்.

"பச்சை முடிஞ்சுது, அக்கா தந்த நீலம்தான் கிடந்தது. ஏனப்பா முகம் அப்பிடிப் போகுது?"

அவளுக்கு விஷயத்தைச் சொன்னதும் இனி அந்தக் காட்டுப் பக்கமே போகக்கூடாது என்றாள். ரிஸ்வானுக்குப் போன் பண்ணினேன். அவர் பகிடியாகத்தான் தொடங்கினார், "அப்ப நீங்கள் இன்னும் குடுக்கேல்லை அண்ணை, இனித்தான் குடுக்கப்போறீங்கள்," என்று. நான் போகாமல் நின்றுவிட்டால் அந்த மனிதருடைய விரல்கள் என்னாகும் என்று அவரும் யோசித்திருக்க வேண்டும். நடந்து முடிந்த ஒன்றுக்காகப் பயப்படுவது முட்டாள்தனம், தெரியும். ஆனாலும் போனேன். எது எந்தச் சோடி என்று எனக்கே தெரியாமல் போனதால் இரண்டையுமே பையில் வைத்துக்கொண்டு போனேன்.

போன சனிக்கிழமை காலை பார்க்கிங்கில் ரிஸ்வான் என் பையைப் பிரித்தார். மட்டை, ஓம், விசில், ஓம். பிறகு அடிவரை கைவிட்டுத் துழாவினார்.

"அண்ணை, ஒரு சோடிதான் கிடக்கு."

முதல் நாள் மாலை இரண்டையும் என் கையாலேயே வைத்தேன், மனைவியும் பார்த்தாள். அதைக்கூட மறதி என்று தள்ளிவிடுவேன். ஆனால் வீட்டிலிருந்து ஹீற்றர் போட்ட காரில், என் பக்கத்து சீட்டில் வந்த பை அது. அன்று வானம் வெளித்திருந்தது, ஒரு துளி பனியும் விழவில்லை. ரிஸ்வான் பையைத் திருப்பிக் காட்டினார். தோள்பட்டிகளின் மடிப்பில் பொடிப் பனி, உருகாமல், அந்தப் பெப்ரவரியில் மூசிய பனிக்குள்ளிருந்து அப்போதுதான் வந்ததுபோல் அப்பியிருந்தது.